காலடியில் நாலு சதுரம்

"எவனோ எங்கப்பா சமாதியிலயே கைய வச்சிருக்கான்!"

சியோலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த தொக்சு, மலைச்சரிவில் நின்று கத்தினான்.

அன்று ஹான்சிக். சமாதிகளுக்குப் புல் பதித்துச் சீர்செய்யும் நாள். பனி இன்னும் விலகவில்லை. குளிரில் வைக்கோலாகிப்போன புல்லின் அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. கோபப்படவே தோன்றாத காலைதான். தொக்சுவுக்குத் தோன்றியது.

அப்பாவின் சமாதி மேட்டின் காலடியில் புல் நாலு சதுரமாகப் பெயர்க்கப்பட்டிருந்தது. அந்த நாலும் பக்கத்து மொட்டை மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தூங்கவைப்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தாள் அவன் அக்கா ஓக்புன்.

"அக்கா, நீயா?"

"மெதுவா பேசுடா. இப்பத்தான் வச்சேன்."

"எங்கப்பா போர்வைய உருவி ஊராருக்குப் போத்துறியா? கட்டிக்குடுத்தா பொறந்த வீடு மறந்துடுமா?"

"எனக்கும் அப்பாதான்டா. நிழல் விழுந்து இவுங்க புல் பூரா செத்துப்போச்சு. போன புயல்ல அந்தப் பைன் மரம் சாஞ்சு, இப்பத்தான் வெயில் விழுது. வச்சா பிடிச்சுக்கும்."

"அப்பாவுக்கு?"

"இது மிதிச்சாலும் சாகாத புல்லு. தண்டு ஓட்டி தானா மூடிக்கும்."

"இவுங்க புள்ளைங்க வந்து வைக்கட்டும்!"

"புள்ளையே இல்ல. புருஷனும் பொண்டாட்டியும் மட்டுந்தான் உள்ள இருக்காங்க."

"அதுக்கு நாமளா கெடைச்சோம்? பாக்குறவன் சிரிப்பான்!" மண்வெட்டியைப் பிடுங்கி, பதித்த புல்லின் அடியில் செருகினான்.

ஓக்புன் தடுக்கவில்லை.

"அப்பா போனப்ப உனக்கு மூணு வயசு. புல்லு வாங்க வழியில்ல. முதல் மழைக்கே மேடு கரைய ஆரம்பிச்சுது. அம்மா அழுதுட்டே கெடந்தா. ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தா, அப்பா மேல பூரா புல்லு."

"யார் வச்சது?"

"இதே மேடு அப்ப பாதி மொட்டையா இருந்துச்சு. இப்ப உள்ள படுத்திருக்குற இந்தம்மாதான் ஓரமா உக்காந்து கையில இருந்த மண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. இவுங்க புருஷனப் புதைச்சு அப்ப ஒரு வருஷங்கூட ஆகல."

தொக்சு மண்வெட்டியை மெல்ல உருவினான். கலைந்த ஓரத்தைக் கையால் அழுத்திவிட்டு, அப்பாவின் மேட்டுக்கு நடந்தான்.

"போயும் போயும் காலடியிலயா வெட்டுவே? தலைமாட்டுலதான்க்கா புல்லு நல்லா இருக்கு."