அதே கால்

ஆபரேஷன் வேண்டாம் என்று ஜெயபாண்டி சொன்னதும் டாக்டர் அர்த்தநாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் தொட்டுக் காட்டிக் கால் மணி நேரம் விளக்கியிருந்தார். வலது முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது. அது தானாக ஒட்டாது. தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்த வேண்டும். ஒன்பது மாதம் கழித்துக் களத்தில் இறங்கலாம். செலவு முழுவதையும் அவன் ஆடும் பனியன் கம்பெனியே ஏற்றுக்கொண்டுவிட்டது. இருபத்து நாலு வயசுக்காரனுக்கு ஒன்பது மாதம் ஒரு காலமா?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கபடிக்காகவே அவனைக் கூட்டிவந்து சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள். அவன் ரெய்டு போனால் ஒருத்தரையாவது தொடாமல் திரும்ப மாட்டான் என்று திருப்பூரில் பேச்சு.

"கத்தி வைக்காம இருந்தா எத்தனை நாள்ல எறங்கலாம், டாக்டர்?"

டாக்டர் உள்ளதைச் சொன்னார். சிலருக்குத் தொடைத் தசையை நன்றாக முறுக்கேற்றினால் அறுந்த ஜவ்வின் வேலையை அதுவே செய்யும். மூன்று மாதத்தில் ஓடக்கூடச் செய்யலாம். ஆனால் எல்லாருக்கும் அது வாய்க்காது. கபடியில் சட்டென்று திரும்பும்போது முட்டி நழுவினால், உள்ளே மிச்சமிருப்பதும் கிழியும்.

"மூணு மாசம்னா சரி, டாக்டர்."

மூன்று மாதத்தில் சாமளாபுரத்தில் பெரிய போட்டி. கைதட்டலுக்கு அலைகிறான் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார்.

"ஏப்பா, கால் உன்னுதுதான். ஆனா ஆயுசு பூரா அதுலதான் நடக்கோணும், பாத்துக்க."

பிசியோதெரபி அறைக்கு அனுப்பிவைத்தார். இரண்டு வாரத்தில் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்து நிற்பான் என்று நினைத்தார்.

அவன் வரவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றான். பிசியோதெரபிஸ்ட் சித்ராதேவி இருபது முறை காலைத் தூக்கச் சொன்னால் நாற்பது முறை தூக்கினான். போதும் என்று அவள் அதட்ட வேண்டியிருந்தது. முதல் மாதம் மணல் பையைக் கணுக்காலில் கட்டித் தூக்கும்போது பல்லைக் கடிப்பான், கண்ணில் நீர் கோத்து நிற்கும், தூக்குவதை நிறுத்த மாட்டான். எட்டாவது வாரம் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றான். சித்ராதேவி தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

பதினோராவது வாரம் டாக்டரே டேப்பை எடுத்து அளந்தார். அடிபட்ட தொடை, நல்ல தொடையைவிட ஒரு நூல் கூடுதலாக இருந்தது. ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னார். தாண்டிப் போய் நட்டுவைத்த மாதிரி நின்றான். படுக்கவைத்து முட்டியை இழுத்துப் பார்த்தபோது எலும்பு அவர் கைக்குள் முன்னால் நழுவியது. ஜவ்வு இல்லாதது இல்லாததுதான். பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது இந்தக் கால்?

இருபது வருஷம் எலும்பைப் பார்த்தவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் மனசுக்குள் முணுமுணுத்தார். இவ்வளவு உறுதியும் ஒரு போட்டிக்காகவா?

2007 ஜூன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே சாமளாபுரத்துக்குப் போய்க் கூட்டத்தில் நின்றார். எதிரணி வெள்ளகோவில். அதன் இடது ஓரத்தில் நல்லான் நின்றான். மார்ச் மாதம் ஜெயபாண்டியின் காலைப் பிடித்தவன் அவன்தான். விதிப்படி பிடித்த பிடிதான், முட்டிதான் திருகிவிட்டது.

ஜெயபாண்டி ரெய்டு போனான். வேறு யார் பக்கமும் திரும்பாமல் நேரே நல்லானிடம் போய் வலது காலை நீட்டினான். நல்லான் பின்வாங்கினான். ஜெயபாண்டி மூச்சு தீரும் முன் வெறுங்கையோடு திரும்பினான்.

இரண்டாவது ரெய்டும் அப்படியே. அதே ஆள், அதே கால். அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கூட்டத்தில் சலசலத்தார்கள். அவனுடைய கேப்டனே திட்டினான்.

மூன்றாவது ரெய்டு. "கபடி, கபடி" என்று விடாமல் பாடிக்கொண்டே நல்லானின் கைக்கு எட்டும் இடத்தில் வலது காலை ஊன்றினான். எடுக்கவில்லை. நல்லானின் கை கணுக்கால்வரை நீண்டு, தொடாமல் பின்வாங்கியது. மூச்சு தீரப்போகிற நேரம். சட்டென்று நல்லான் குனிந்து கணுக்காலைப் பிடித்தான். முழுப் பலத்தோடு இழுத்தான். அதற்குள் நாலு பேர் மேலே விழுந்தார்கள்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது ஜெயபாண்டி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். நொண்டாமல் நடந்து கோட்டுக்கு வெளியே வந்தான். தனக்குப் பதில் வேறு ஆளை இறக்கும்படி கேப்டனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

டாக்டர் ஓடிப்போய் முட்டியை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"எனக்கு ஆட்டம் முடிஞ்சிட்டு, டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறிங்க."

அவருக்குப் புரியவில்லை. "அப்பறம் எதுக்குப்பா இந்த மூணு மாசம் உசுரக் குடுத்தே?"

களத்தில் நல்லான் அடுத்து வந்தவனின் காலை வாரி மடக்கிக்கொண்டிருந்தான். ஜெயபாண்டி அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"என் காலு போன நாள்லேருந்து அவன் ஒருத்தன் காலையும் தொடலியாம், டாக்டர். வாற வாரம் அவனுக்கு ரயில்வே கபடி டீம் செலக்‌ஷன். இந்தக் காலையே பிடிச்சாத்தானே அவன் கைக்குப் பயம் தெளியும்."