நாலாம் பாகத்து நாற்காலி

குங்ஃபூ படத்தின் நாலாம் பாகத்துக்காக, வில்லன் மண்டையில் போட்டு உடைக்கவென்றே செய்த தெர்மாகோல் நாற்காலி ஒன்று செட்டில் காத்திருந்தது.

"முதல் மூணு பாகத்துல ஒடஞ்சது எங்க அண்ணனுங்கதான்!" என்று பீற்றிக்கொண்டது.

"அதுல ஹீரோவைப் பறக்கவிட்டது நான்தான்டா" என்றது மேலே தொங்கிய கயிறு.

அன்றைக்குப் பார்த்துப் புது டைரக்டர் வந்து இறங்கினார். "இந்தப் பாகத்துல சண்டையே கிடையாது. ஹீரோ உட்கார்ந்து யோசிக்கிறாரு!"

மதியத்துக்குள் கயிற்றில் யூனிட்காரர்களின் ஈரத் துண்டுகள் காய்ந்தன. நாற்காலியை, நிஜ நாற்காலி என்றே நினைத்து, ஹீரோவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்கள்.

"அண்ணே, என்மேல உட்காரப் போறாங்க!"

"மூச்சைப் பிடிச்சுக்கோடா!" என்றது கயிறு.

ஹீரோ ஆழ்ந்த யோசனையோடு உட்கார்ந்தார். படார்! மல்லாந்தவரின் கால் எகிறி, எதிரே நின்ற வில்லனின் தாடையில் இறங்கியது.

டைரக்டர் துள்ளிக் குதித்தார். "டேக் ஓகே! இந்த யதார்த்தத்தைத்தான் கேட்டேன்!"

வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்த நாற்காலி முனகியது: "அண்ணே, வில்லன் விழுந்தானா?"

"விழுந்தான்டா!"

"அப்ப சரி. இது நம்ம படம்தான்."