எதிர்ப்பக்கம்

அவள் குடையை முகத்துக்கு முன்னால் தாழ்த்தினாள். பின்னாலிருந்தவர்கள் திட்டினார்கள். மடக்கிவிட்டாள்.

சாலைக்கு அந்தப் பக்கம், கண்டிக் குளத்தின் சுவரோரம், அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவள் நுவனைக் கட்டிக்கொண்ட அன்று, சிங்கள மருமகன் ஆகாதென்று தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்று தலைமுழுகியவர். நிஜமாகவே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம்.

“செத்தாலும் அவ மொகத்துல முழிக்க மாட்டேன்.”

அதை அவள் காதில் கொண்டுவந்து போட ஆளுக்கா பஞ்சம்.

இப்போது எதிரெதிரே. பகல் பெரஹரா ஊர்வலம் பார்க்கக் காலையிலேயே பாய் விரித்த கூட்டம். அப்பாவுக்கு முன்னால் பொலிஸ் கட்டிய கயிறு, பின்னால் சுவர், அதற்கும் பின்னால் தண்ணீர். அவளுக்கு முன்னாலும் கயிறு, ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் நுவன், மடியில் பிள்ளை, முதுகில் யாருடைய முழங்காலோ.

போய்விடலாம் என்றாள். குருநாகலிலிருந்து இதற்காகத்தானே வந்தோம், இனி முடியும்வரை யாரும் அசைய முடியாது என்றான் நுவன். அவன் அப்பாவைக் கண்டதில்லை.

சாட்டைக்காரர்கள் போனார்கள். கொடிகள் போயின. மேளம் காதைப் பிளந்தது.

அவள் எதையும் பார்க்கவில்லை. ஆட்டக்காரர்களின் தோள்களுக்கு நடுவே அப்பாவைப் பார்த்தாள். இளைத்துவிட்டார். சட்டை தொளதொளவென்று கிடந்தது.

அவர் யானையைப் பார்த்தார். ஆகாயத்தைப் பார்த்தார். தன் கால்விரலைப் பார்த்தார். பிடிவாதம் மட்டும் இளைக்கவில்லை.

அவளுக்குக் கோபமாக வந்தது. அழுகையாகவும் வந்தது. என்னை வேண்டாம், பிள்ளையை ஒரு தடவை பார்த்தால் என்ன?

புத்தரின் பல்லுக்குரிய பேழையைச் சுமந்துகொண்டு கொம்பன் வந்தது. அதற்கு எழாதவர் யாரும் இல்லை, தமிழரானாலும் சிங்களவரானாலும். இரு பக்கமும் கூட்டம் எழுந்து கைகூப்பியது. அவளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

விரித்த வெள்ளைத் துணியில் யானை நடந்தது. அதற்கென்ன அவசரம்.

அப்பா மறைந்தார்.

யானை கடந்தது.

எதிர்ப்பக்கத்தில் கைகள் இறங்கின. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அப்பா உட்காரவில்லை. கூப்பிய கை கூப்பியபடி இருந்தது. கண் யானையோடு போகவில்லை. அவள்மேல் இருந்தது. அவள் தோளில் கிடந்த பிள்ளைமேல் இருந்தது.

அவள் கயிற்றுக்குக் கீழே குனிந்தாள். பொலிஸ்காரர் தடுத்துப் பின்னால் தள்ளினார். அடுத்த மேளக்காரர்கள் வந்து சாலையை நிறைத்துவிட்டார்கள்.

தலைப்பாகைகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள்.

கை இன்னும் இறங்கவில்லை.