நூற்று இரண்டு அடி

கண்ணம்பாடி அணையில் தண்ணீர் இறங்க இறங்க, யதுகிரிக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. காலையில் காபிக்கு முன்னால் கணவர் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி நீர்மட்டத்தைப் பார்ப்பாள். "நூத்தி ரெண்டு அடிதானாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒரு தரம் பார்ப்பாள்.

சரஸ்வதிபுரத்தில் அவள் தெருவே உருகிப் போயிருந்தது. விவசாயிகளுக்காக இப்படிக் கவலைப்பட நம்மிடையே ஒரு ஜீவன் இருக்கிறதே என்று எதிர்வீட்டு மீனா வாட்ஸப் குழுவில் கைகூப்பும் பொம்மையே போட்டாள். யதுகிரி மறுக்கவில்லை. தானாக வருகிற நல்ல பெயரைத் தடுப்பானேன்?

விஷயம் ஒரு புடவை.

போன ஆகஸ்டில் அணை நிரம்பியபோது, காவேரிக்குப் பாகினா கொடுக்கக் கிளம்பாத தெரு மைசூரில் இல்லை. இவள் தெரு ஒரு வேன் பிடித்தது, நாத்தனார் லீலாவின் குவெம்பு நகர்த் தெரு இரண்டு வேன் பிடித்தது. பாகினா என்றால், முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், தேங்காய், ரவிக்கைத்துண்டு வைத்து, இன்னொரு முறத்தால் மூடிக் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். பரிசல்காரர்கள் எல்லோரையும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப் போனார்கள்.

ரவிக்கைத்துண்டே போதும். அவர்கள் வேனில் யதுகிரி மட்டும் முழுப் புடவையை வைத்தாள். கூட வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது லீலா கொடுத்த புடவை. வாடிப்போன கத்திரிக்காய் நிறம், உடம்பு முழுக்க ஜரிகையில் தவளை மாதிரி ஏதோ ஒன்று. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது அவளை முறைத்தது. காவேரிக்குக் கொடுத்தால் புண்ணியத்துக்குப் புண்ணியம், பீரோவிலும் இடம். ஆனாலும் புதுசாயிற்றே என்று பாலிதீன் உறையைக் கழற்ற மனசு வரவில்லை. ஆற்றுக்குக் கொடுக்கிற புடவை நனையக்கூடாதென்று பார்த்தவள் இந்த ராஜ்ஜியத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு அங்கே நல்ல ஆழம். இப்போது தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்குகிறது.

லீலா லேசுப்பட்டவள் இல்லை. தான் கொடுத்த எவர்சில்வர் அடுக்கை வேலைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று பெரிய மன்னியோடு நாலு வருஷம் பேசவில்லை. அடுத்த மாதம் லீலாவின் பெண் அனகாவுக்குச் சீமந்தம். இந்த நேரத்தில் புடவை வெளியே வந்தால், அந்த வீட்டு வாசற்படி யதுகிரிக்கு இல்லை.

தப்பிக்க ஒரே வழி முந்திக்கொள்வது என்று, லீலா வீட்டுக் கிருஹப்பிரவேசத்துக்குத் தான் வாங்கிக் கொடுத்த கடுகு நிறப் புடவையை ஏன் கட்டுவதே இல்லை என்று பார்க்கும்போதெல்லாம் லீலாவைக் குடைவாள். பத்திரமாக இருக்கிறது மன்னி என்பாள் லீலா. அந்தப் புடவை தள்ளுபடியில் எடுத்தது என்பது கடைக்காரனுக்கும் யதுகிரிக்கும் மட்டுமே தெரியும்.

அப்போதுதான் கணவர் கேசவமூர்த்திக்கு உல்லாசப் பயணத்தில் ஆசை வந்தது. மூழ்கிக் கிடந்த பழைய கல்படிகள் எல்லாம் தெரிகிறதாம், ஞாயிற்றுக்கிழமை பேக்வாட்டருக்குப் போகலாம், தங்கையையும் கூப்பிடு என்றார்.

யதுகிரி முழங்கால் வலி என்றாள், வெயில் என்றாள். பலிக்காமல் லீலாவுக்குப் போன் போட்டாள்.

"சும்மா அந்தச் சேத்துல என்ன மன்னி இருக்கு? காரஞ்சி ஏரிக்குப் போலாம், படகாவது விடுவா" என்றாள் லீலா.

முப்பது வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கேசவமூர்த்தி மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே திருவிழாக் கூட்டம். போன வருஷம் பரிசல் போன இடத்தில் கார்கள் நின்றன, ஒரு கும்பல் கிரிக்கெட் ஆடியது, வெடித்த சேற்றில் நின்று கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுத்துக்கொண்டது. மூவரும் ஜமக்காளம் விரித்துப் புளியோகரேயைப் பிரித்தார்கள்.

யதுகிரியின் கண் சேற்றிலேயே இருந்தது. லீலாவின் கண்ணும் அங்கேயே இருந்ததைக் கவனித்தாள். யாரோ சொல்லிவிட்டார்கள். மீனாவாகத்தான் இருக்கும், அவள் வாயில் எது தங்கும்?

கல்படியைப் பார்க்கப் போன கேசவமூர்த்தி குடைக்காம்பால் எதையோ கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்.

"பாகினா பாரு யதுகிரி. கட்டுகூட அவிழலை."

மேல் முறத்தைப் பிரித்தார். கறுத்துப்போன தேங்காய்க்கு அடியில் சேறு அப்பிய பாலிதீன் உறை. உள்ளே மடித்த புடவை என்பது தெரிந்தது, நிறம் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார்.

யதுகிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எட்டு மாதமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. காவேரிக்கு மட்டமானதையா கொடுக்கிறது லீலா, என்னிடம் இருப்பதிலேயே உசத்தி நீ கொடுத்ததுதானே என்று ஆரம்பித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

அதற்குள் பக்கத்தில் ஏதோ சரசரத்தது. கண்ணைத் திறந்தால், அண்ணா கையிலிருந்து உறையைப் பிடுங்கி மடிக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் லீலா. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கோ மன்னி. காவேரிக்கு மட்டமானதையா குடுக்கறது? என்கிட்ட இருக்கறதுலயே உசத்தி நீங்க குடுத்ததுதானே."