காரி எடுத்துக்கொண்ட வைத்தியம்

காரி என்ற எருமைக்குக் கொஞ்ச நாளாக ஒரே அசதி. அதன் காதுக்குள் இருந்த உண்ணி, "உன் ரத்தம் கெட்டியாகிவிட்டது. உடம்பையும் மனசையும் சேர்த்துக் குணமாக்கும் வைத்தியம் எங்கள் பரம்பரையில் உண்டு," என்றது.

இவ்வளவு அக்கறையாக யாரும் தன்னிடம் பேசியதில்லை என்று காரி உருகிப்போய்த் தலையாட்டியது. மறுநாளே உண்ணியின் சொந்தக்காரர்கள் வந்து, கழுத்திலும் வயிற்றிலும் கிளை வைத்தியசாலைகள் திறந்தார்கள்.

வழக்கம்போல முதுகில் வந்து உட்கார்ந்த கொக்கு, "உடம்பெல்லாம் உண்ணியாக இருக்கிறதே. அசையாமல் நில், கொத்தி எடுத்துவிடுகிறேன்," என்றது.

"வேண்டாம். பாதியில் நிறுத்தினால் பலன் போய்விடுமாம்," என்று காரி வாலைச் சுழற்றி அதை விரட்டிவிட்டது.

ஒரு மாதத்தில் காரிக்கு விலா எலும்பு தெரிந்தது. எழுந்து நிற்கவும் முடியவில்லை.

"தலை சுற்றுகிறதே," என்றது பயந்துபோய்.

"உள்ளே இருக்கும் கெட்டதெல்லாம் வெளியேறுகிறது. அப்படித்தான் இருக்கும்," என்றது உண்ணி. காரிக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பக்கமாக வந்த கொழுத்த எருமை ஒன்று நின்று பார்த்தது. "எப்படியக்கா இப்படி இளைத்தாய்?" என்று பொறாமையோடு கேட்டது.

காரிக்குப் பெருமை தாங்கவில்லை. படுத்தபடியே சொன்னது: "என்னை உரசிக்கொண்டு படு. வைத்தியர்களே உன்னிடம் வருவார்கள்."