ரிம்மா கல்

கிளெப் எழுந்தான். அடுப்பில் கஞ்சி வைத்தான். ரொட்டி சுடும் அடுப்பைத் திறந்து, இரவு முழுக்க இளஞ்சூட்டில் கிடந்த காந்த நாடாச் சுருளைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தான்.

பழைய நாடா ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும். காயவைத்தால்தான் கருவியில் ஓடும்.

கஞ்சியில் பாதியைத் தின்றான். ஒரு கோப்பையைக் கழுவினான். மாஸ்கோப் பனியில் டிராம் பிடித்தான்.

அவன் குழந்தையாக இருந்தபோது வெள்ளி கிரகத்தில் இறங்கிய விண்கலம் அனுப்பிய படங்கள் அந்த நாடாக்களில் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை அவன் மனைவி ரிம்மாவுடையது. வந்தது வந்தபடி இருக்க வேண்டும். விட்டுப்போன இடம் விட்டுப்போனபடியே.

அச்சுக்காகப் படங்களை மெருகேற்றும் பிரிவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “வெள்ளிக்கு உதட்டுச்சாயம் பூசி மாப்பிள்ளை தேடுறாங்க” என்பாள்.

மாற்றியதை இன்னொருவர் மூல நாடாவோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த இன்னொருவன் கிளெப். ஒருநாளும் அவன் ஒப்பிட்டதில்லை. ரிம்மாவையா சந்தேகிப்பது?

கையெழுத்து விழுந்ததும் நாடாவை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள். புது நாடாவுக்குப் பஞ்சம்.

எல்லாம் அழித்தாயிற்று, இந்த ஒன்றைத் தவிர. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதை அழிக்கப் போனான். உறையின்மேல் அவள் எழுத்து. கை வரவில்லை.

நாளை விழா. மூல நாடா ஓட ஓட, திரையில் படம் வரி வரியாக எழுவதை ஊர் பார்க்க வேண்டும் என்பது ஆய்வு நிலையத் தலைவர் அர்க்காதி லிவோவிச்சின் ஆசை. அந்தப் படத்தில்தான் ரிம்மா கல் இருக்கிறது. பழைய அச்சுப் படங்களில் யார் கண்ணிலும் படாத கூரான கல். அவள்தான் கண்டுபிடித்தாள். பாடப்புத்தகத்தில்கூட அவள் பெயரோடு வந்துவிட்டது.

“என்னடா, செத்தவன் மாதிரி வந்து நிக்கிற? நாளைக்கு உன் பொண்டாட்டியோட நாள்டா!” என்று அர்க்காதி லிவோவிச் முதுகில் தட்டினார்.

“ஒருதடவை ஓட்டிப் பாத்துடறேன்” என்றான் கிளெப்.

ஓட்டினான். வானம் வந்தது. கற்கள் வந்தன. ரிம்மா கல் வர வேண்டிய இடத்தில் வெற்றுப் பட்டை வந்தது. கலத்தின் குரல் அறுந்துபோன சில நொடிகள்.

மறுபடி ஓட்டினான். அதே பட்டை.

அவள் மாற்றிவைத்த படத்தைப் பக்கத்தில் திறந்தான். அதில் பட்டை இல்லை. கல் இருந்தது. அதே படத்தின் இடது ஓரத்தில் கிடந்த கல்லேதான், இடவலம் திருப்பிப் படியெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. விரிசல்கூட அதே விரிசல்.

மற்ற படங்களையும் திறந்தான். எதிலும் ஓர் ஓட்டை இல்லை. அத்தனைக்கும் அவன் கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்க்க நாடா இல்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, “சாப்பிட்டியா”ன்னு கேட்டாள் என்று சொல்லியிருந்தான். எல்லோரிடமும் அதையேதான் சொன்னான்.

அவள் கேட்டது வேறு. அவள் நிம்மதியாகப் போக வேண்டுமே என்று, “ஆச்சு” என்று பொய் சொன்னான். அதற்குப் பிறகே பிடித்திருந்த கையை விட்டாள்.

“அந்தக் கடைசிச் சுருளையும் அழிச்சிட்டியா, கிளெப்?”