யாருக்குப் போட்டான்?

"பாரு நோரா, லார்டு துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அழகை!"

"மெதுவா பேசு ஆல்பி, காதுல விழப்போகுது" என்றாள் என் மனைவி.

விழட்டும் என்றுதான் பேசினேன்.

பள்ளிக்கூட வாசலில், கொட்டுகிற மழையில், கோட்டில் எங்கள் கட்சியின் சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு கிளிஃப் உட்கார்ந்திருந்தான். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் வாக்காளர் நம்பர் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தான். வராதவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவதற்காகச் செய்கிற வேலை அது. கட்சியில் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் செய்வார்கள்.

அவனும் நானும் ஒரே சுரங்கத்தில் கரி வெட்டினவர்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் ஒரே ஓட்டில் என்னைத் தள்ளிவிட்டு அவன் எம்.பி. ஆனான். வயதானதும் லார்டு பட்டத்தோடு பிரபுக்கள் சபைக்குப் போனான். சுரங்கத்தை மூடியதும் நான் பஸ் கழுவப் போனேன்.

இன்று அதே தொகுதியில் அதே கட்சிக்காக என் மகள் ஹேசல் நிற்கிறாள். பக்கத்துத் தொகுதிகளிலெல்லாம் தொண்டை கிழியப் பேசினானே, ஹேசலுக்காக ஒரு மேடை ஏறினானா? இல்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன!

"என்ன லார்டே, குடை பிடிக்க ஆள் தரலையா அரண்மனையில?"

"வாடா ஆல்பி. தந்தாங்க. நீ வர்றேன்னதும் ஓடிட்டான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, நீ ஓட்டுப் போட்டியா?"

"இல்லை."

"ஏன், சீட்டுல என் பொண்ணு பேரைப் பார்க்கக் கண்ணு கூசுதா?"

அவன் குனிந்து, நனைந்த பென்சிலைக் கோட்டில் துடைத்தான். நோரா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கேயும் நான் விடவில்லை. ஓட்டுச் சீட்டு கொடுத்த பெண்ணிடம் சொன்னேன்: "வாசல்ல இருக்காரே ஒரு லார்டு, அவர் கடைசிவரைக்கும் உள்ள வரமாட்டாரு, பாருங்க."

"வந்தாலும் சீட்டு கிடைக்காதே! பிரபுக்கள் சபையில இருக்கிறவங்களுக்கு இந்தத் தேர்தல்ல ஓட்டு கிடையாது. தெரியாதா உங்களுக்கு?"

நோரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வந்ததும் அவனைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா."

"நீ எங்க பேச விட்டே?"

"சரி, ஓட்டுதான் இல்லை. வாய் இருக்கில்ல? ஹேசலுக்காக ஒரு கூட்டத்துல பேசினா குறைஞ்சா போயிடுவே?"

கிளிஃப் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பேசியிருந்தா நாளைக்கு ஊர்ல என்ன சொல்வாங்க? லார்டு தூக்கிவிட்ட பொண்ணும்பாங்க. எதுக்கு அது? ஆல்பி பொண்ணுன்னே ஜெயிக்கட்டும்."

சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்த கிழவியிடம் திரும்பினான். "உங்க நம்பர் என்னம்மா?"

வீடு வரும்வரை எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதிலும் என்னை முந்திக்கொண்டான், பாவி!